எந்த வீடியோ கேமுக்குப் பலகையில் இடம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன பலகை? நடத்துவது யார்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் நண்பர் வீட்டு மாடி அறையில் ஆறடி நீளத்தில் ஒரு மரப்பலகை மாட்டியிருக்கிறோம். பள்ளிக்கூடங்களில் தலைமையாசிரியர் அறைச் சுவரில், அதுவரை பணியாற்றியவர்களின் பெயர்களை வரிசையாக எழுதிய பலகை இருக்குமே, அதைப் பார்த்துச் செய்தது. எங்கள் பலகையில் வீடியோ கேம்களின் பெயர்கள் இருக்கின்றன. பக்கத்தில் வெளிவந்த ஆண்டு, அதற்கும் பக்கத்தில் உருவாக்கியவர் பெயர்.

ஆண்டுக்கு இரண்டு பெயர்தான் ஏற்றுவோம். பொங்கல் முடிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தால், மதியச் சாப்பாட்டையும் தாண்டி வாக்குவாதம் ஓடும். திருப்பாதிரிப்புலியூர், புதுப்பாளையம், செம்மண்டலம் என்று உள்ளூர்க்காரர்கள் பதினொரு பேர். புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து மூன்று பேர் பஸ் ஏறி வருவார்கள். பதினான்கு பேரில் பத்துப் பேர் கை தூக்கினால் பெயர் ஏறும். ஐந்து ஆண்டுகளில் பத்துப் பெயர்கள் ஏறியிருக்கின்றன. கூட்டத்தின் முடிவுகளை எழுதி வைக்கும் பொறுப்பு என்னுடையது. பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

உலக அளவில் இப்படி ஒரு புகழ் மண்டபம் இருக்கிறதாமே?

இருக்கிறது. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் ஸ்ட்ராங் என்ற விளையாட்டு அருங்காட்சியகம் உள்ளது. அங்கே 2015ஆம் ஆண்டு உலக வீடியோ கேம் புகழ் மண்டபத்தைத் தொடங்கினார்கள். முதல் ஆண்டு ஆறு கேம்களுக்கு இடம் கிடைத்தது: பாங், பேக்மேன், டெட்ரிஸ், சூப்பர் மரியோ பிரதர்ஸ், டூம், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். அதன்பின் ஆண்டுதோறும் சில கேம்களைச் சேர்த்துக்கொண்டே வருகிறார்கள்.

அவர்கள் நான்கு அளவுகோல்களை வைத்திருக்கிறார்கள். பெயரைச் சொன்னாலே அடையாளம் தெரியும் அளவுக்குப் புகழ் பெற்றிருக்க வேண்டும். வந்த வேகத்தில் மறைந்துவிடாமல் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்க வேண்டும். நாட்டு எல்லைகளைத் தாண்டிப் பரவியிருக்க வேண்டும். பின்னால் வந்த கேம்களிலோ, மற்றக் கலைகளிலோ, சமூகத்திலோ தாக்கம் ஏற்படுத்தியிருக்க வேண்டும். இதில் நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. முதல் மூன்றும் முழுமையாக இல்லாவிட்டாலும், தாக்கம் ஒன்றுக்காகவே ஒரு கேமைச் சேர்க்கலாம் என்று விதியிலேயே இடம் விட்டிருக்கிறார்கள். யோசித்து எழுதிய விதி அது.

அங்கே முடிவெடுப்பது யார்?

யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். அருங்காட்சியகத்தின் உள்குழு இறுதிப் பட்டியலைத் தயாரிக்கும். பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் அடங்கிய பன்னாட்டுக் குழு வாக்களிக்கும். பொதுமக்களும் வாக்களிக்கலாம். ஆனால் மக்கள் வாக்கு முழுவதும் சேர்ந்து, குழு உறுப்பினர் ஒருவரின் வாக்குச்சீட்டுக்குச் சமமாகத்தான் எண்ணப்படும். கூட்டம் சேர்த்து வெல்ல முடியாது என்பதால் இந்த ஏற்பாடு சரி என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் கடலூருக்குத் தனிப் பலகை எதற்கு?

'முஸ்தபா' என்று சொன்னால் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது?

திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடிக்கடை. பிரவுசிங் சென்டர் என்று வெளியே எழுதியிருக்கும். மணிக்குப் பதினைந்து ரூபாய். இணையம் பார்க்க வந்தவர்கள் இரண்டு பேர் என்றால், முஸ்தபா ஆட வந்தவர்கள் எட்டுப் பேர். ஒரே விசைப்பலகையின் இடது பக்கம் ஒருவன், வலது பக்கம் ஒருவன், முழங்கைகள் இடித்துக்கொள்ள ஆடுவோம். முஸ்தபா ஓடிவந்து பறந்து உதைக்கும்போது பின்னால் நிற்பவர்களும் சேர்ந்து கத்துவார்கள். கடைக்காரர் உள்ளேயிருந்து அதட்டுவார்.

அந்த கேமின் உண்மைப் பெயர் காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993இல் காசு போட்டு ஆடும் எந்திரத்துக்காக உருவாக்கியது. ஓர் அமெரிக்கச் சித்திரக்கதையைத் தழுவியது. வீட்டுக் கருவிகளுக்கு அது முறையாக வெளிவரவே இல்லை. ஆகவே மேற்கே வளர்ந்தவர்களில் பலருக்கு அது எந்திரக் கடையோடு முடிந்துபோன கேம். நம் ஊரிலோ கணினிப் பிரதியாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உயிரோடு இருந்தது. நான்கு நாயகர்களில் ஒருவனின் பெயரையே கேமுக்குப் பெயராக வைத்துவிட்டோம்.

ராச்செஸ்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு இது எப்படித் தெரியும்? அவர்களைக் குறை சொல்லவில்லை. உலகம் முழுவதும் பரவியது என்று ஒரு கேமைப் பற்றிச் சொல்லும்போது, அது எந்த வடிவத்தில், யார் கையில், எந்த வாசல் வழியாகப் போய்ச் சேர்ந்தது என்பதை அந்தந்த ஊர்க்காரர்தான் சொல்ல முடியும். சொல்லாவிட்டால் அது கணக்கில் வராது. எங்கள் பலகையின் வேலை அதைச் சொல்வது. மூன்றாம் ஆண்டு முஸ்தபா பலகையில் ஏறியது. உண்மைப் பெயரைப் பெரிதாகவும் நம் ஊர்ப் பெயரைக் கீழே சிறிதாகவும் எழுதியிருக்கிறோம்.

'சாட்சி' வேண்டும் என்கிறீர்களே, அது என்ன?

ராச்செஸ்டரின் நான்கு அளவுகோல்களை நாங்களும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தோம். முன்மொழியப்படும் ஒவ்வொரு கேமுக்கும், அதை ஆடிய ஒருவர் நேரில் வந்து பேச வேண்டும். நிபுணராக இருக்க வேண்டியதில்லை. கை எப்படி ஆடியது, எங்கே உட்கார்ந்து ஆடினார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று சொன்னால் போதும். இணையத்தில் படித்ததைச் சொல்லக்கூடாது.

இரண்டாம் ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். விண்டோஸ் சாலிட்டேரை ஒருவர் முன்மொழிந்தார். பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். அது கேமா, அலுவலகத்தில் பொழுது போகாதவர்கள் ஆடும் சீட்டாட்டம்தானே என்றார்கள். சாட்சியாக வந்த அக்காவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். 1998இல் அவர்கள் பிரிவுக்கு முதல் கணினி வந்திருக்கிறது. இருபது ஆண்டுகள் தட்டச்சு எந்திரத்தில் ஓடிய விரல்களுக்கு விசைப்பலகை சிரமமாக இல்லை. மவுஸ்தான் பெரும்பாடு. மேசையின் விளிம்பு வந்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் அதைக் காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்திருக்கிறார். பயிற்சி கொடுக்க வந்த இளைஞர் எதுவும் விளக்கவில்லை. சாலிட்டேரைத் திறந்துவைத்து, "மதியம் வரைக்கும் இதை ஆடுங்கள் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கறுப்பு எட்டின் மேல் சிவப்பு ஏழு. பொத்தானை அமுக்கு, அமுக்கியபடியே இழு, இடம் வந்ததும் விடு. பாதி வழியில் விரல் தளர்ந்தால் சீட்டு பழைய இடத்துக்கே ஓடிவிடும். சாயங்காலம் வலது கை ஆள்காட்டி விரல் மரத்துப்போனதாம். மூன்றாம் நாள் முதல்முறையாக ஜெயித்தார். சீட்டுகள் எல்லாம் மேலேயிருந்து ஒவ்வொன்றாகத் துள்ளிக் குதித்துத் திரையை நிறைத்தபோது, எதையோ உடைத்துவிட்டோம் என்று பயந்து எழுந்து நின்றுவிட்டேன் என்றார். அடுத்த வாரம் அவர்தான் மற்ற மூன்று பேருக்கும் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

பேசி முடித்ததும் யாரும் எதிர்வாதம் வைக்கவில்லை. சாலிட்டேரை எழுதியவர் வெஸ் செர்ரி, மைக்ரோசாஃப்டில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த மாணவர். 1990இல் விண்டோஸ் 3.0 உடன் வந்தது. சீட்டுகளின் படங்களை வரைந்தவர் சூசன் கேர். உலகப் புகழ் மண்டபத்திலும் 2019இல் அதற்கு இடம் கிடைத்தது. இழுத்து விடும் பழக்கத்தைப் புதியவர்களுக்குக் கற்றுத்தந்ததை அதன் பெருமைகளில் ஒன்றாகச் சொல்வார்கள். புத்தகத்தில் ஒரு வரியாகக் கிடக்கும் அந்தச் செய்தி, அந்த அக்காவின் ஆள்காட்டி விரலில் இருந்தது.

பெண்களின் கருத்தைக் கேட்கிறீர்களா?

முதல் ஆண்டு கேட்கவில்லை. அது பெரிய தவறு. எங்கள் காலத்தில் பெண் பிள்ளைகளை பிரவுசிங் சென்டருக்கு அனுப்ப மாட்டார்கள். எந்திரக் கடைக்கும் அனுப்ப மாட்டார்கள். அந்த இடங்களில் ஆடியவற்றை மட்டும் எண்ணினால் பாதி ஊரை விட்டுவிட்டுப் பட்டியல் போட்டதாகிவிடும். அவர்கள் ஆடியது வீட்டுக்குள் வந்தவற்றை: திருவிழாக் கடையில் வாங்கிய பிரிக் கேம் என்ற கையடக்கக் கருவி, அண்ணன் தூங்கும்போது எடுத்த வீடியோ கேம் கேசட், அப்பாவின் செல்போன், அலுவலகக் கணினி. இன்று பதினான்கு பேரில் ஆறு பேர் பெண்கள். அவர்கள் வந்த பிறகுதான் பலகை நேரானது.

அதிகமாக விற்ற கேமைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்ததே?

விற்பனையை நாங்கள் பார்ப்பதில்லை. 1971இல் வந்த கம்ப்யூட்டர் ஸ்பேஸ் பெரிய வெற்றி பெறவில்லை. கையாளக் கடினமாக இருந்தது. ஆனால் வணிகமாக விற்கப்பட்ட முதல் வீடியோ கேம் அதுதான். அதைச் செய்த நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் அடுத்த ஆண்டே அட்டாரி நிறுவனத்தைத் தொடங்கி, பாங் கேமை வெளியிட்டார்கள். ஒரு தொழிலுக்கே கதவு திறந்தது. 2023இல் ராச்செஸ்டர் கம்ப்யூட்டர் ஸ்பேஸைச் சேர்த்துக்கொண்டது. கொலோசல் கேவ் அட்வென்ச்சர் என்ற 1970களின் கேமில் ஒரு படம்கூடக் கிடையாது. வெறும் எழுத்து. குகைகளுக்குள் இறங்கி அளந்து வரைபடம் போடும் வழக்கமுள்ள வில் குரோத்தர், கென்டக்கியில் தான் கண்ட குகையை வார்த்தைகளால் எழுதினார். டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். கதைவழி நடக்கும் சாகச கேம்களின் மூத்த பாட்டி அது.

மறுபக்கம், 1982இல் பெரும் எதிர்பார்ப்போடு வந்த அட்டாரியின் ஈ.டி. கேமை ஒருவரே ஐந்து வாரங்களில் எழுதி முடிக்க வேண்டியிருந்தது. விற்காத கேசட்டுகளில் ஒரு பகுதி 1983இல் நியூ மெக்சிகோவின் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டது. 2014இல் தோண்டி எடுத்தார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் அதையும் முன்மொழிந்தார். சாட்சி சொல்ல ஆள் இல்லாததால் அப்படியே நின்றுவிட்டது.

நாம் ஆடியதெல்லாம் திருட்டுப் பிரதிதானே? அதற்கு மரியாதை செய்யலாமா?

இந்தக் கேள்வி என்னை நீண்ட நாள் உறுத்தியது. உண்மை அது. மறைக்க ஒன்றுமில்லை. என் சித்தப்பா வாங்கிக் கொடுத்த, டிவியில் மாட்டி ஆடும் பெட்டி ஜப்பானியக் கருவியின் நகல் என்பதே எனக்கு இருபத்தைந்து வயதில்தான் தெரிந்தது. மஞ்சள் கேசட்டின் மேல் ஒட்டியிருந்த படத்துக்கும் உள்ளே இருந்த கேமுக்கும் சம்பந்தம் இருக்காது. பல பிரதிகளில் தொடக்கத் திரையில் இருக்க வேண்டிய நிறுவனத்தின் பெயரே அழிக்கப்பட்டிருக்கும். கான்ட்ராவை ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஆடியிருக்கிறோம். அதை உருவாக்கிய கொனாமி நிறுவனத்தின் பெயரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அதனால்தான் பலகையில் உருவாக்கியவரின் பெயர் கட்டாயம். நாம் தெரியாமல் கொடுக்காமல் விட்ட மரியாதையை இப்போதாவது கொடுக்க வேண்டும். மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். அலெக்சி பஜித்னோவ் 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் அதை எழுதினார். அவரிடம் இருந்த எலெக்ட்ரோனிகா 60 கணினிக்குப் படம் வரையத் தெரியாது. ஆகவே அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டைகளை உருவாக்கினார். உலகமே ஆடிய அந்த கேமிலிருந்து அவருக்கு உரிமத்தொகை வரத் தொடங்கியது 1996 வாக்கில்தான்.

நான் டெட்ரிஸை முதலில் தொட்டது பாடலீஸ்வரர் கோயில் வைகாசித் திருவிழாவில். தேரடிப் பக்கம் வளையல் கடைக்கும் பலூன்காரருக்கும் நடுவில் ஒரு கடையில் பிரிக் கேம் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியில் 9999 கேம்கள் என்று போட்டிருந்தது. உள்ளே இருந்தவை பத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் அவற்றின் வேக மாற்றங்கள். பஜித்னோவின் பெயர் அதில் எங்கும் இல்லை. எங்கள் பலகையில் முதல் வரியே அவருடையதுதான்.

தொடர் முழுவதையும் ஏற்றுவீர்களா, ஒரு கேமை மட்டுமா?

ஒரு கேமை மட்டும். ஒரு தொடரில் எது திருப்பத்தை உண்டாக்கியதோ அது. பின்னால் வந்த இன்னொன்று தனியாகத் தகுதி பெற்றால் தனி வரி கிடைக்கும். ராச்செஸ்டரிலும் பேக்மேன், மிஸ் பேக்மேன் இரண்டும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன.

ஸ்னேக் கேமுக்கு இரண்டு ஆண்டுகள் மறுத்துவிட்டு மூன்றாவது ஆண்டு கொடுத்தது ஏன்?

முதல்முறை எட்டு வாக்கு. இரண்டாவது முறை ஒன்பது. எதிர்த்தவர்களின் வாதத்தில் நியாயம் இருந்தது. வளர்ந்துகொண்டே போகும் கோடு தன்மேலேயே மோதக்கூடாது என்ற எண்ணம் 1976இல் வந்த பிளாக்கேட் என்ற எந்திர கேமிலேயே இருக்கிறது. நோக்கியாவின் தானெலி அர்மாந்தோ அதை 1997இல் 6110 செல்போனுக்குள் கொண்டுவந்தார். இதில் புதிதாக என்ன செய்தார் என்று கேட்டார்கள். ராச்செஸ்டரிலும் 2020இல் ஸ்னேக் இறுதிப் பட்டியல் வரை வந்தது. அந்த ஆண்டு மைன்கிராஃப்ட், சென்டிபீட், பிஜுவெல்ட், கிங்ஸ் குவெஸ்ட் ஆகியவை தேர்வாயின.

மூன்றாம் முறை சாட்சி சொல்ல வந்தவர் பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தங்கை. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது அவர் பத்தாம் வகுப்பு. வீட்டுக்குப் பின்னால் இருந்த முந்திரித் தோப்பு முழுவதும் ஒரே திசையில் படுத்துக்கிடந்தது. பலா மரங்கள் வேரோடு. மின்கம்பங்களையும் காணோம். அவர்கள் தெருவுக்கு மீண்டும் மின்சாரம் வந்தது பொங்கல் கழிந்துதான்.

வீட்டில் ஒரு நோக்கியா 1100 இருந்தது, டார்ச் வைத்தது. அப்பா இரண்டு நாளுக்கு ஒருமுறை டிராக்டர் பேட்டரியில் அதைச் சார்ஜ் போட்டு வருவார். பேசுவதற்கும் டார்ச்சுக்கும் போக, இரவில் சாப்பிட்டதும் பிள்ளைகள் நான்கு பேருக்கும் ஆளுக்கு ஓர் ஆட்டம். மோதினால் அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். பாயில் வட்டமாகப் படுத்து, நான்கு தலைகளும் அந்தப் பச்சை வெளிச்சத்தைச் சுற்றி. கடைசித் தம்பி மோதிவிடுவோமோ என்ற பயத்தில் உணவை எடுக்காமலே ஓரமாகச் சுற்றிக்கொண்டிருப்பானாம். "தோப்புப் போன பேச்சை அந்த நேரத்தில் மட்டும் அப்பா அம்மா எடுக்கவில்லை. அவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்" என்றார்.

பிளாக்கேட் வாதத்துக்கு அதிலேயே பதில் இருந்தது. அர்மாந்தோ அந்த விதியைக் கண்டுபிடிக்கவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியும், கணினியும், கடையும், காசும் இல்லாத கைக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கேம் ஆடுவேன் என்று நினைத்தே பார்க்காத கோடிக்கணக்கானவர்கள் ஆடினார்கள். செல்போனில் ஆடுவது என்ற பழக்கமே அங்கிருந்து பரவியது. அன்று பதினான்கு கைகளும் எழுந்தன.

எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும்?

பதினைந்து. ராச்செஸ்டர் எங்களைவிடத் தாராளம். 2013இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பத்தே ஆண்டுகளில் உள்ளே போய்விட்டது. எங்களுக்குக் கொஞ்சம் ஆறப்போட வேண்டியிருக்கிறது. இளைஞர்கள் ஒவ்வோர் ஆண்டும் பப்ஜியைக் கேட்கிறார்கள். அது முதலில் வந்தது 2017இல். செல்போனுக்கு அடுத்த ஆண்டு. 2020 செப்டம்பரில் இந்திய அரசு தடை செய்தது. மறு ஆண்டு வேறு பெயரில் திரும்பி வந்தது. 2032இல் அதைப் பற்றிப் பேசுவோம். அப்போதும் ஒருவர் வந்து கண் கலங்கிப் பேசினால் நிச்சயம் கேட்போம்.

எனக்கே காத்திருக்க முடியாத கேம் ஒன்று உண்டு: வெண்பா. டொரொன்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் எழுத்து அழிந்துபோன இடங்களை ஊகித்து, இட்லித் தட்டுகளைச் சரியான வரிசையில் அடுக்க வேண்டும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் படைப்பாகத் தேர்வானது. துளைக்கு மேல் துளை வராமல் இட்லித் தட்டை வைக்க வேண்டும் என்பது என் அம்மாவுக்குச் சொல்லாமலே தெரியும். பார்த்துக்கொண்டிருந்தவர், "தட்டைத் திருப்பு" என்றார். வீடியோ கேம் ஒன்றில் என் அம்மா எனக்கு வழி சொன்னது அதுதான் முதல் தடவை. 2038 வரை பொறுத்திருக்க வேண்டும். விதியை நானே மீற மாட்டேன்.

வன்முறை நிறைந்த கேம்களுக்கும் மரியாதையா?

தாக்கம் வேறு, நற்சான்று வேறு. 1992இல் வந்த மார்ட்டல் காம்பாட்டின் ரத்தம் அமெரிக்க நாடாளுமன்ற மேலவை வரை விவாதமானது. அதன் விளைவாகவே 1994இல் கேம்களுக்கு வயது முத்திரை போடும் அமைப்பு அங்கே உருவானது. வரலாறு எழுதுபவர் அதைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. எங்கள் பலகையில் வயது வந்தோருக்கான கேம் ஏறினால் பெயருக்கு முன்னால் சிவப்புப் புள்ளி வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். மாடிக்குப் பிள்ளைகளும் வருகிறார்கள்.

கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ தொடரில் 2002இல் வந்த வைஸ் சிட்டியை நான் எதிர்த்து வாக்களித்ததை வைத்து நான் வன்முறைக்கு எதிரி என்று சிலர் நினைக்கிறார்கள். காரணம் அதுவல்ல. முப்பரிமாண நகரம் ஒன்றில் விருப்பம்போல் சுற்றலாம் என்று பெருவாரியானவர்களுக்குக் காட்டியது அதற்கு முந்தைய ஆண்டு, 2001இல் வந்த மூன்றாவது கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ. மரியாதை முதலில் அதற்குப் போக வேண்டும். நம் ஊரில் எல்லோரும் ஆடியது வைஸ் சிட்டிதான் என்கிறார்கள் எதிர்த்தரப்பினர். அது வலுவான வாதம். இன்னும் முடியவில்லை.

ஆன்லைன் ரம்மி?

கிடையாது. பணம் வைத்து ஆடும் எதுவும் இங்கே பேச்சுக்கே வராது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவற்றைத் தடை செய்து சட்டம் இயற்றுவதற்கு முன்பே எங்களிடம் அந்த விதி இருந்தது. அப்படிப் பணம் வைத்து ஆடி வீட்டை இழந்த ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம், பெத்தாங்க் இவற்றையும் சேர்க்கலாமே?

முத்தியால்பேட்டை நண்பர்கள் ஒவ்வோர் ஆண்டும் பெத்தாங்க் பேச்சை எடுப்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற அந்த இரும்புக் குண்டு ஆட்டம் புதுச்சேரியில் இன்றும் ஆடப்படுகிறது. அதன் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு வேறு பலகை வேண்டும். ஸ்ட்ராங் அருங்காட்சியகமும் பொம்மைகளுக்கு என்று தனிப் புகழ் மண்டபம் வைத்திருக்கிறது. அதில் 2005இல் அட்டைப் பெட்டிக்கும், 2008இல் குச்சிக்கும் இடம் கொடுத்தார்கள். வெறும் குச்சி! கில்லி ஆடிய எவரும் அதை மறுக்க மாட்டார்கள்.

வீட்டுப் பரணில் பழைய கேசட்டுகள் கிடக்கின்றன. என்ன செய்வது?

தயவுசெய்து பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று கடையில் முறையாக வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அங்கேயே அந்த நிலை என்றால், பெயரே ஒட்டாத நம் கேசட்டுகளை யார் எண்ணி வைத்திருக்கிறார்கள்?

நம் ஊரில் பெரிய எதிரி உப்புக் காற்று. தேவனாம்பட்டினம் பக்கம் வீடு என்றால் செப்புத் தகடுகளில் பச்சைப் பூஞ்சணம் போலக் களிம்பு ஏறியிருக்கும். வாயால் ஊதாதீர்கள். சின்ன வயதில் நாம் எல்லோரும் ஊதினோம், வேலை செய்தது போலவும் இருந்தது. உண்மையில் கழற்றி மாட்டியதால்தான் வேலை செய்தது. எச்சில் ஈரம் களிம்பைக் கூட்டும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, தகடு நீளும் திசையிலேயே மெதுவாகத் துடையுங்கள். பஞ்சு கறுப்பாக வரும். வெள்ளையாக வரும் வரை மாற்றி மாற்றித் துடைத்து, முழுவதும் காய்ந்த பிறகு மூடி இறுகிய டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். எங்களிடம் கொடுக்க விரும்பினால், எங்கே வாங்கியது, யார் ஆடியது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தாள் இல்லாத கேசட்டைவிடக் கேசட் இல்லாத தாளுக்கே எங்கள் அலமாரியில் முதலிடம்.

மறுக்கப்பட்ட கேமை மறுபடி முன்மொழியலாமா?

எத்தனை முறை வேண்டுமானாலும். வேறு சாட்சியோடு வாருங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு என்ன முன்மொழிவுகள் இருக்கின்றன?

இப்போதைக்கு மூன்று. மூன்றாவது கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ, அதனுடன் வைஸ் சிட்டிச் சண்டை. மோட்டார் சைக்கிள் பந்தய கேமான ரோடு ராஷ். கடைசியாக, 1989இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம்பிடித்து, அந்த அசைவுகளைப் பார்த்துப் பார்த்து இளவரசனை வரைந்தார். விளிம்பைப் பிடித்துத் தொங்கும்போது அவன் உடல் கனமாக இருப்பதை விரல் உணரும். பள்ளிக் கணினி அறையில் பிளாப்பியில் எடுத்து வந்து ஆடியவர் யாராவது இருந்தால், சாட்சி சொல்ல ஆள் இன்னும் கிடைக்கவில்லை, வாருங்கள். அறுபது நிமிடக் கெடுவுக்குள் முடித்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. முதல் தளத்திலேயே முள்ளில் விழுந்தவரும் வரலாம்.